முப்பத்து மூன்றாவது படம்

அன்புசெல்விக்குக் கறையை அழிக்கிற வேலை. சோப்பும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஏசி அறையில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்து அழிக்கிற வேலை. பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனி ஒன்றில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற சேம்பிள் பீஸ்களை வெள்ளைப் பலகைமேல் விரித்து டிஜிட்டல் கேமராவில் படம் பிடிப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு படம் தேறும். எண்ணெய்ச் சொட்டு, பென்சில் கோடு, தொங்குகிற நூல் எதுவானாலும் கம்ப்யூட்டரில் தொட்டுத் தொட்டு மறைத்து மெயிலில் தட்டிவிட்டால், கடலுக்கு அந்தக் கரையில் இருக்கிறவன் ரொம்ப அழகு என்று பதில் போடுவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பீஸ்ல கறை அப்படியே தானுங்க சார் இருக்குது?" என்று மேனேஜரிடம் ஒரு தடவை கேட்டாள். "பீஸ் போறப்ப நல்ல பீஸ் போகும். இப்ப படம் போகட்டும்மா" என்றார் அவர். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள். ஐந்து வருஷத்தில் பழக்கம் கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது குடும்பத்தையே சந்தி சிரிக்க வைக்கும் என்று இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் சித்திரையில்தான் தெரிந்தது.

ஊருக்கு மேற்கே அவர்களுடைய ஐந்து ஏக்கர் தோட்டம். அப்பா கன்னையன் தென்னையும் கொஞ்சம் மஞ்சளும் வைத்திருந்தார். தோட்டத்தின் ஓரமாக, ஊரில் பள்ளம் என்று சொல்கிற ஓடை ஓடுகிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்குத்தான். மழைக்காலத்தில் பத்து நாள் ஓடினால் பெரிது. பள்ளத்துக்கு அக்கரையில் நீலத் தகரம் போட்ட சாயப்பட்டறை வந்து நாலு வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. இரண்டாம் வருஷம் பருப்பு வேக மறுத்தது. அம்மா செல்லாத்தாள் விறகு குறை என்றும் பருப்பு பழசு என்றும் கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். மூன்றாம் வருஷம் எருமை தொட்டியில் வாயை வைத்துவிட்டு நிமிர்ந்து அவர்களையே பார்த்தது. நாலாம் வருஷம் வாளியில் மொண்டால் பழைய காபி டிகாஷன் நிறத்தில் வந்தது. தேங்காய் எலுமிச்சை அளவில் உதிர்ந்தது. தம்பி சரவணக்குமாருக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "தண்ணியில்லாத ஊட்டுக்குப் புள்ளய எப்படிங்க குடுக்கறது?" என்று மரியாதையாகவே சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

கன்னையன் மூன்று வருஷமாகக் கலெக்டர் ஆபீஸ், மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் என்று மனுக் கொடுத்தார். ஆதாரம் வேண்டும் என்றார்கள். அன்புசெல்வி கம்பெனிக் கேமராவை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கிவந்து, தோட்டத்துத் தாழ்வில் செக்கச் செவேலென்று தேங்கிக் கிடந்த தண்ணீரைப் படம் பிடித்தாள். விசாரணைக்குப் பட்டறைத் தரப்பிலிருந்து வந்தவர் படத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சார், தண்ணிக்குள்ள ஒரு சேலை காயுது பாருங்க. மேல கொடியவே காணோம். சேலை மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?"

அறையில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய கொடியில் செல்லாத்தாளின் கிழிந்த சேலை காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் அசிங்கமாக இருக்கிறதே என்று, யோசிக்காமல் கொள்ளாமல், அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில், பனியனில் நூலை அழிக்கிற மாதிரி அன்புசெல்வி அதை அழித்துவிட்டாள். தண்ணீரில் விழுந்திருந்த அதன் நிழலை மறந்துபோனாள்.

"இந்தப் புள்ளைக்கு கம்பெனில இதேதானுங்க சார் சோலி. கொடிய எடுக்கத் தெரிஞ்சவிங்களுக்குத் தண்ணில செகப்புக் கலக்கத் தெரியாதுங்களா?"

மனு அன்றோடு முடிந்தது. பஸ்ஸை விட்டிறங்கி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கன்னையன், "உன்ற சோலிய ஊட்டுக்கும் கொண்டாந்துட்டியே சாமி" என்றார். அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னவர் அவிநாசி வக்கீல் அய்யாசாமி. ஆனால் ஒரு கட்டளை போட்டார்.

"கம்ப்யூட்டர் படத்தத் தூக்கிட்டு இங்க வராதீம்மா. பிலிம்ல எடு. நெகட்டிவ் வேணும். அதும் நாலு நாலாக் கத்தரிச்சது வேண்டாம், ஒண்ணுலருந்து முப்பத்தாறு வரைக்கும் ஒரே சுருளா வேணும். எதையும் எடுக்கல, சேக்கலன்னு நம்பரே சாட்சி சொல்லோணும்."

பிலிம் கேமராவுக்கு எங்கே போவது? ஊரில் எல்லோரும் செல்போனிலேயே படம் எடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. பெருமாநல்லூர் நால்ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த அப்துல் ரவூப் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பென்டாக்ஸ் பிலிம் கேமராவை எடுத்துத் துடைத்தார். அவரே டிஜிட்டலுக்கு மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முதுகுவலி குறைந்தது என்றுதான் சொல்வார்.

"இத வெச்சு என்ன அம்மிணி பண்ணப்போறே? கல்லுக் கணக்கா இருக்கும். கால்ல போட்டுக்காத."

"பின்னால படம் பாக்கற கண்ணாடி இல்லீங்களா பாய்?"

"இல்ல. எடுத்தது எடுத்ததுதான். கழுவி வந்தாத்தான் நீ என்ன பண்ணுனேன்னு உனக்கே தெரியும்."

"வேண்டாததுன்னா அழிக்க முடியாதுங்களா?"

"அதுக்குத்தான இத வாங்க வந்திருக்கற?" என்றார் பாய். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாய் உடனே குரலைத் தணித்தார். "எடுத்துட்டுப் போ. சும்மா கெடக்கறதுதான. வேல முடிஞ்சாக் கொண்டாந்து குடு."

வேலைக்காக இரவல் வாங்கிய சாமான்தான். ஆனாலும் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கம்பெனியில் இருநூறு படம் எடுக்கிற கை, தோட்டத்தில் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் நின்றது. வெயில் சாயட்டும், எருமை நகரட்டும், காற்று நிற்கட்டும் என்று நின்றது. கொடியில் சேலை இருந்தால் சேலையோடு எடுத்தாள். அழுத்தும்போது உள்ளே ஒரு கனமான சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் கை வைக்க யாராலும் முடியாது, அவளாலும் முடியாது. பகலெல்லாம் பொய்யைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிவிட்டு வருகிறவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று கிணறு, வாய்க்கால், பட்டுப்போன தென்னை, பருப்பில் கல் பொறுக்குகிற அம்மா என்று எண்ணி எண்ணி எடுத்தாள்.

பன்னிரண்டாவது படம் சரவணக்குமார். அவன் திருப்பூர் டவுனில் ஒரு சாயக் கம்பெனி லேபில் கலர் பார்க்கிறான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாயத்துக்கே போகாதே என்று கன்னையன் மூன்று மாசம் பேசாமல் இருந்து பார்த்து, பிறகு டவுனில்தானே, நம் பள்ளத்தில் இல்லையே என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான்.

"அக்கா, கெணத்தையே எடுக்கறயே, என்னயும் ஒண்ணு எடு."

"பிலிம் எண்ணித்தான்டா இருக்குது."

"பொண்ணு ஊட்டுக்குக் குடுக்கோணுமில்ல? நல்லா எடு."

பச்சைக் கோடு போட்ட டீசர்ட் போட்டிருந்தான். அவள்தான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரிஜெக்ட் பீஸ். காலர் தைக்கும்போதே ஒரு பக்கம் ஏறிப்போயிருந்தது. அதற்காகத்தான் வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றான். "காலர நேரா உடு" என்றாள் அவள். அவன் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது பொறப்புலயே கோணல்க்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்போடு எடுத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் வந்தால் பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தேக்கி வைத்ததையெல்லாம் அதோடு திறந்துவிடுவார்கள், வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும். விடியற்காலை மழை சற்று விட்டபோது அன்புசெல்வி கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வேலியோரம் போய்க் குத்தவைத்தாள். வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. அக்கரையில் நீலத் தகரத்துக்குக் கீழே குழாய் வாய் தெரிந்தது. முப்பத்தொன்று எடுத்தபோது வெறும் குழாய். முப்பத்திரண்டில் தண்ணீர் கருநீலமாகப் பீய்ச்சியது. சாக்கை மடித்து மழைக்குத் தலைமேல் கொங்காடை போட்டுக்கொண்டு ஒருவன் சுவரோரம் குனிந்து வால்வுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்கிற மாதிரி இருந்தது. முப்பத்துமூன்றை அழுத்தினாள், அதே கையோடு கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். மனசு நிறைந்திருந்தது. மிச்சம் மூன்று படத்தையும் பிற்பகலில் கிணற்றில் எடுத்து முடித்தாள்.

சுருளைப் பாய் திருப்பூர் லேபுக்கு அனுப்பினார். வெட்டாமல் வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினாள். ஐந்தாம் நாள் ஸ்டுடியோவுக்குப் போனபோது பாய் கவரைக் கையில் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா வந்திருக்குங்களா பாய்?"

"வந்திருக்குது. நல்லாத்தான் வந்திருக்குது."

"முப்பத்திமூணு?"

"அதான் ரொம்ப நல்லா வந்திருக்குது. நான் பாக்கலன்னு வெச்சுக்க அம்மிணி. யார்கிட்டயும் பேச மாட்டேன்."

கடைக்குள்ளேயே பிரித்துப் பார்த்தாள். நீலத் தகரம், குழாய், கருநீலத் தண்ணீர், வால்வு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. நிமிர்கிற வேகத்தில் சாக்கு பின்னால் சரிந்திருந்தது. பச்சைக் கோட்டு டீசர்ட்டின் காலர் ஒரு பக்கம் ஏறிக் கிடந்தது. அதற்கு மேலே தம்பியின் முகம் நேராக அவளைப் பார்த்தது. டிஜிட்டலாக இருந்திருந்தால் வேலியோரத்திலேயே பார்த்திருப்பாள், அங்கேயே அழித்துமிருப்பாள். அப்படி நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பொழுது சாய்ந்து சரவணக்குமார் வந்தபோது எருமை கட்டுகிற கட்டுத்தறியில் வழிமறித்தாள். படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நீயாக்கா வேலியோரத்துல இருந்தது? ஆரோ ஓடுனது தெரிஞ்சுது. மாட்டுக்காரப் பொம்பளையின்னு நெனச்சேன்."

"எத்தன நாளாடா?"

"மூணு மாசம். ரெண்டு கம்பெனியும் ஒரே மொதலாளிதான். இங்க சுத்திகரிப்பு ப்ளான்ட்டுக்கு ஆளில்லைன்னு மாத்திட்டாங்க."

"முடியாதுன்னு சொல்றதுதான?"

"சொன்னா வேற ஆளு. எனக்குச் சோலி போயிரும்."

"தெனமும் டவுனுப்பக்கம் பைக்க உட்டயேடா?"

"சுத்திக்கிட்டு வருவேன்."

"அப்பா தோட்டம்டா அது. உனக்குக் கையி எப்படி வந்துச்சு?"

"நாந் தெறக்காட்டி வேற ஒருத்தன் தெறப்பான்க்கா. மொத நாளு கையி வரல. அப்பறம் வந்துருச்சு." அவன் படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். "நீயும் கறையத் தான அழிக்கற? மொத நாளு உனக்கு எப்படி இருந்துச்சு?"

எருமை இருவரையும் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இது கோர்ட்டுக்குப் போனா?" என்றாள் கடைசியில்.

"மொதலாளி எழுதியா குடுத்தாரு? வாய்ல தான சொன்னாரு. எனக்குத் தெரியாது, அவனாத் தெறந்துட்டான்னு ஒதுங்கிக்குவாரு. நாந்தான் ஜெயிலுக்குப் போவோணும்." சற்று நின்று, "அந்த ஒண்ண மட்டும் கத்தரிச்சுரு அக்கா" என்றான்.

"முப்பத்திரண்டுக்கு அப்பறம் முப்பத்திநாலு வந்தா வக்கீலே தூக்கி எறிஞ்சுருவாரு. இது இல்லாட்டி, அது ரோட்டுல வந்த மழத்தண்ணின்னு சொல்லீருவாங்க. போதாததுக்கு பன்னெண்டுலயும் நீ இருக்கற, இதே சட்டையில."

அதற்குள், "படம் வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே கன்னையன் வந்துவிட்டார். சரவணக்குமார் பிரிண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவள் கையில் சுருள் மட்டும் இருந்தது. கன்னையன் துண்டில் கையைத் துடைத்து, அதை ஓரத்தில் பிடித்து வாங்கி, கூரை விளக்குக்கு நேராகத் தூக்கினார். ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"தண்ணி வெளுப்பாத் தெரியுதே?"

"இதுல எல்லாம் தலைகீழாத்தானுங்கப்பா தெரியும். கருப்பு வெள்ளையாவும், வெள்ளை கருப்பாவும்."

"முன்னெல்லாம் நெசமாவே இப்படித்தான இருந்துச்சு" என்றார். கை ஓரிடத்தில் நின்றது. "இதாரு? வால்வப் புடிச்சுட்டு நிக்கறானே, மூஞ்சி கருப்பாத் தெரியுது. ஆளு வெளங்கல. உனக்குத் தெரியுதா?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். யாரோ வடக்கத்தியான் என்றால் முடிந்துவிடும், சாயத்தில் இப்போது பாதிப்பேர் அவர்கள்தானே. அன்புசெல்வி வாயைத் திறந்தாள்.

"நாந்தானுங்கப்பா" என்றான் சரவணக்குமார்.

கன்னையன் சுருளை இறக்கவில்லை. விளக்கில் அதை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் முறத்தோடு நின்ற செல்லாத்தாள், "என்றா சொல்ற?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வைவார் என்று அன்புசெல்வி நினைத்தாள். மூன்று வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர், பட்டறைக்காரன் கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தவர், மகனைச் செருப்பால் அடிப்பார் என்றுகூட நினைத்தாள்.

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "மூஞ்சிய மட்டும் அழிக்க முடியாதா சாமி?" என்றார். "உங்க ஆபீஸ்ல அழிப்பயல்லோ?"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. கொடியை அழித்ததற்காக ஆறு மாசம் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர் கேட்கிறார்.

"இதுல முடியாதுங்கப்பா."

"கொஞ்சூண்டு கூடயா?"

"கொஞ்சங்கூட முடியாதுங்க."

"அப்ப நெருப்புல போட்டுரு. காலைல அவிநாசி போயி, கேஸு வேண்டாம்னு வக்கீல் கிட்டச் சொல்லிட்டு வந்தர்லாம். கெணறு போனாப் போவுது." அவர் சுருளைத் திருப்பி அவளிடம் கொடுத்தார். "எனக்குப் பையன் ஒருத்தன்தான."

சரவணக்குமார் அங்கேயே நின்றான். அன்றைக்கு அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு ஆக்கியிருந்தது. கேன் தண்ணீரில் வேகவைத்த பருப்பு நன்றாகவே குழைந்திருந்தது. யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அன்புசெல்வி சுருளை டப்பாவில் போட்டு மூடினாள். நெருப்பில் போட மனசு வரவில்லை. தம்பி தப்பினான் என்று அவளுக்கு ஆசுவாசமாக இருந்தது. அந்த ஆசுவாசத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மூன்று வருஷ மழையும் வெயிலும் அப்பாவின் நடையும் ஒரு டப்பாவுக்குள் அடங்கிப்போனதை நினைத்துப் படுக்கையில் அழுதாள்.

விடிந்து எட்டு மணிக்குக் கன்னையன் வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்டு நின்றார். கோர்ட்டு விஷயமாகப் போகும்போதெல்லாம் கட்டுகிற அதே வேட்டிதான். கேஸை வேண்டாம் என்று சொல்வதற்கும் அதையே கட்டியிருந்தார். அன்புசெல்வி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். மழை விட்டு வெறித்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

சரவணக்குமார் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். இந்நேரத்துக்கு அவன் வேலையில் இருக்க வேண்டும். குளித்துத் தலை சீவித் திருநீறு வைத்திருந்தான். உடம்பில் அந்தப் பச்சைக் கோட்டு டீசர்ட்.

"அதயேண்டா போட்ட?" என்றாள் செல்லாத்தாள்.

அவன் அக்காவைப் பார்த்தான். "நெகட்டிவ் இருக்குதல்லோ? நெருப்புல போட்டுறலயே?"

"இருக்குது."

"எடுத்துட்டு வா. வெட்டாமயே குடுத்தர்லாம். படத்துல இருக்கறவன் ஆருன்னு வக்கீலு கேட்டா, நான் முன்னால நிக்கறேன். ஆரு தெறக்கச் சொன்னாங்கறதயும் எழுதிக் கையெழுத்துப் போட்டர்றேன். சட்டையப் பாத்தா அவிங்களுக்கும் சந்தேகம் வராது."

"உள்ள போட்டுருவாங்கடா" என்றார் கன்னையன்.

"போடட்டுமுங்க. நான் தெறந்துட்டுத் தானுங்கப்பா இருந்தேன்."

செல்லாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்புசெல்வி உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள். முப்பத்தாறு படமும் ஒரே சுருளாக அதற்குள் இருந்தன. தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, தடுக்கவில்லை. தம்பியைப் பெருமையாகப் பார்ப்பதா, அழுவதா என்று தெரியாமல் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கன்னையன் மகன் அருகில் போனார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, அவன் காலரைப் பிடித்து நேராக்கினார். அது நேராகவில்லை. எச்சில் தொட்டு நீவிவிட்டு மறுபடி இழுத்தார்.

"அது தையல்லயே அப்படித்தானுங்கப்பா" என்றான் அவன்.

"தெரியும்" என்றார் கன்னையன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.